சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஆறு பீஸ்

கொழுந்தன் செய்து அனுப்புவதை அண்ணி திருப்பி அனுப்புவாள். ஆறு வருஷமாக அந்தத் தொழிற்சாலையில் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

தண்ணீர் பம்புகளுக்குள் சுழலும் இரும்புத் தண்டுகளைச் செய்கிற இடம் அது. கொழுந்தன் மூன்றாம் நம்பர் மெஷினில் இருந்தான். கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தபடி இரும்பைச் சீவித் தரும் லேத். அவள் கூடத்தின் கோடியில், கண்ணாடிச் சுவர் போட்ட பரிசோதனை அறையில் இருந்தாள். தண்டின் குறுக்களவு இருபத்தைந்து மில்லிமீட்டர். அதற்கு மேல் இம்மியும் போகக்கூடாது. குறைந்தால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குவரை குறையலாம். தலைமுடியின் கனத்தில் கால்வாசி. அந்த எல்லைக்கு வெளியே போன தண்டில் அவள் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவாள். தேதி, நேரம், மெஷின் நம்பர், வந்த அளவு எல்லாம் எழுதி, காரணம் என்று இருக்கும் கடைசிக் கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று முடிப்பாள். கூடத்தில் அவளுக்குச் 'சிவப்பட்டை அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்கிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது நன்றாகவே தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

வீட்டில் மாமியார் இளைய மகன் முகத்தைப் பார்த்தே எத்தனை தண்டு திரும்பியது என்று கணக்குச் சொல்லிவிடுவார். "இன்னைக்கு நாலா?" என்பார். "அஞ்சு" என்று அவன் தட்டின் முன்னால் உட்காருவான். அவள் கணவன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். நாள் முழுக்க ஊரார் சண்டையைக் கேட்டுவிட்டு வருகிறவன் என்பதால் சொந்த வீட்டுச் சண்டையில் வாயே திறப்பதில்லை. தம்பி பக்கம் ஒரு பார்வை, மனைவி பக்கம் ஒரு பார்வை, அதோடு சரி.

அன்றைக்கு ஏழு.

"ஏழும் மத்தியானம் வந்தது அண்ணி," என்றான் கொழுந்தன். "மெஷின் ஆறிப்போயிருக்கும்போது அளவு கொஞ்சம் நகருது. நான் எத்தனை தடவை சொல்லிட்டேன்!"

"மெஷின் மேல பழியைப் போடாதீங்க தம்பி. அதுக்கு வாயில்லை."

"எனக்கு இருக்குல்ல? நான் சொல்றதையாவது கேளுங்க."

"நான் மைக்ரோமீட்டர் சொல்றதைத்தான் கேட்பேன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "அந்த ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு அட்டை கட்டுறது சுலபம். ஒரு நாள் வந்து மெஷின் முன்னாடி நின்னு பாருங்க."

எல்லாரும் அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தண்ணீர் குடித்துவிட்டு, "சரி, நிக்கிறேன்" என்றாள்.

வெறும் வாய்ப்பேச்சில்லை அது. ஐந்தாம் நம்பர் மெஷின் ஆபரேட்டர் வேலையை விட்டுப் போய் ஒரு மாதமாகியிருந்தது. எந்தப் பிரிவில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம், மூன்று வாரப் பயிற்சி, முடிவில் ஒரு சோதனை என்று அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். நான்கு நாளாகவே அவள் அதைக் கடந்து போகும்போதெல்லாம் நடையைக் குறைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை முதல் வேலையாகப் பெயர் கொடுத்தாள். சூப்பர்வைசர் பேனாவை மூடிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "யார்கிட்ட கத்துக்கப் போறீங்க?"

"மூணாம் நம்பர்ல."

"வீட்டுல பேசிட்டீங்களா?"

"வீட்டுலதான் சார் ஆரம்பிச்சதே."

அவளுடைய நாற்காலிக்கு, அவளே ஒரு வருஷமாகப் பழக்கிய இளம்பெண் வந்தாள். முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி போட்டிருப்பாள். அதனால் கூடத்தில் அவள் பெயரே 'கண்ணாடி'.

முதல் நாள் கொழுந்தன் அவளை மெஷினைத் தொடவே விடவில்லை. "மோதிரத்தைக் கழட்டுங்க. முடியை இறுக்கிக் கட்டுங்க. கையுறை வேண்டாம், சுத்துற இடத்துல அது கையையும் சேர்த்து இழுத்துடும்," என்றான். பிறகு ஒரு கொக்கியும் வாளியும் கொடுத்து, உள்ளே சேர்ந்திருந்த இரும்புச் சுருள்களை அள்ளச் சொன்னான். கூடமே வேடிக்கை பார்த்தது. சிவப்பட்டை அக்கா குனிந்து சீவல் அள்ளுகிறாள் என்றால் சும்மாவா! அவள் பதினொரு வாளி அள்ளினாள். சீவும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. சாயங்காலம், "பழிவாங்குறீங்களா தம்பி?" என்று நேராகவே கேட்டாள்.

"இன்னைக்கு மட்டும்," என்றான் அவனும் ஒளிக்காமல். "நாளையிலேர்ந்து பாடம்."

சொன்னபடியே செய்தான். காலையில் எண்ணெய் மட்டம் பார்ப்பது, காற்று அழுத்தம் பார்ப்பது, மெஷினைத் தன் தொடக்க இடத்துக்கு அனுப்புவது. காலால் மிதித்தால், இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் சக்கின் மூன்று தாடைகளும் திறந்து மூடும். எதைப் பிடித்தாலும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். சிவப்புக் காளான் மாதிரி இருக்கிற பட்டன் எமர்ஜென்சி. "இது எங்க இருக்குன்னு கண்ணு தேடக்கூடாது. கை தானா போகணும்," என்று அவளைக் கண்ணை மூடச் சொல்லி இருபது தடவை அடிக்க வைத்தான்.

மூன்றாம் நாள் அவளுக்கு மெஷினின் திசைகள் பிடிபட்டன. எக்ஸ் என்றால் தண்டின் நடுவை நோக்கிப் போவதும் வருவதும். இசட் என்றால் தண்டின் நீளவாக்கில் போவதும் வருவதும். எல்லாமே இந்த இரண்டுக்குள் அடக்கம். ஹேண்ட்வீலை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, சீவும் டூலின் நுனியை இரும்புக்கு அருகில் கொண்டுபோய், ஒரு மெல்லிய சீவு சீவி, அப்படியே நீளவாக்கில் விலக்கி நிறுத்தி, சீவிய இடத்தை அளந்து, அந்த அளவை மெஷினுக்குச் சொல்ல வேண்டும். டூல் நுனி எங்கே இருக்கிறது என்று மெஷின் தெரிந்துகொள்வது அப்படித்தான்.

"இதுதான் கஷ்டமான இடம். பழகுறவங்க அளக்குறதுலயே ரெண்டு நாள் தடுமாறுவாங்க," என்றான் கொழுந்தன்.

அவள் மைக்ரோமீட்டரை எடுத்தாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் அதைத் திருகியது கண்ணுக்கே தெரியவில்லை. "இருபத்தாறு புள்ளி நாலு ஒண்ணு ரெண்டு," என்றாள். அவன் சந்தேகத்தோடு வாங்கி அளந்தான். இன்னொரு தடவை அளந்தான். நாலு ஒண்ணு ரெண்டேதான்.

"அண்ணி, இதை மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுங்களேன்," என்றான் மெதுவாக, பக்கத்து மெஷின்காரருக்குக் கேட்காதபடி.

தலைக்கனம் ஏற அது போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் அவளாகவே முதல் ப்ரோக்ராமை எழுதினாள். பதினெட்டு வரி. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஏற்றினாள். கொழுந்தன் திரையை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தான். "இரும்பைப் பிடிக்காம வெறும் சக்கோட ஓட்டிப் பாருங்க. ஒரு வரிக்கு ஒரு அமுக்கு. வேகம் அஞ்சு சதவீதம்," என்று மட்டும் சொன்னான்.

அவள் ஒவ்வொரு வரியாக அமுக்கினாள். ஏழாவது வரியில் டூல் நகர ஆரம்பித்தது. இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று திரையில் ஒரு எண் ஓடும். அந்த எண் இருக்க வேண்டியதைவிட மிகப் பெரிதாக இருந்தது. டூல் தண்டின் மேல்பரப்பு இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல், நடுமையத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. யோசிக்கும் முன்பே கை போய் நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டது. அமுக்கிய விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் இருந்தது. கொழுந்தனுடையது. அவன் அவ்வளவு நேரமும் அங்கேயே தயாராக வைத்திருந்திருக்கிறான்.

"என்ன தப்பு?" என்றான்.

அவள் ஏழாவது வரியைப் படித்தாள். எக்ஸ் இருபத்தைந்து. சரியாகத்தானே இருக்கிறது? இரண்டாம் தடவை படித்தபோதுதான் தெரிந்தது. இருபத்தைந்துக்குப் பின்னால் புள்ளி இல்லை. புள்ளி வைக்காவிட்டால் இந்த மெஷினுக்கு அது இருபத்தைந்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இருபத்தைந்து பங்கு. ஏறக்குறைய பூஜ்யம். உள்ளே இரும்பு இருந்திருந்தால் டூல் அதிவேகத்தில் போய் முட்டித் தெறித்திருக்கும்.

புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கத்துக்காக ஊரையே வறுத்தெடுத்தவள், புள்ளியையே விட்டிருந்தாள்.

"முன்னாடியே பாத்துட்டீங்கதானே?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா மறந்துருவீங்க. இப்ப மறக்க மாட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டாள். டூல் போன திசையை எண்ணிலிருந்தே கண்டுபிடித்து நிறுத்தியது தான்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். புள்ளியை வைத்தாள், மற்ற பதினேழு வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள், மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். மத்தியானத்துக்குள் முதல் தண்டு கையில் இருந்தது. வெதுவெதுப்பாக, வழவழப்பாக, கூலண்ட் சொட்டச் சொட்ட. இருபத்துநான்கு புள்ளி ஒன்பது எட்டு ஒன்பது. பரிசோதனை அறையில் ஆயிரக்கணக்கான தண்டுகளைத் தொட்டிருக்கிறாள். ஒன்றையும் இப்படித் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம் கொழுந்தன் பக்கத்தில் நிற்பதை நிறுத்திக்கொண்டான். காலை முழுக்க அவளே ஓட்டினாள். முப்பத்தெட்டு தண்டு, ஒன்றுகூடத் திரும்பவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. வழக்கம்போல மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்லா மெஷினையும் அணைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, எதையும் மாற்றாமல், அதே ப்ரோக்ராமை அமுக்கினாள்.

அரை மணியில் கண்ணாடி வந்து நின்றாள். கையில் ஆறு தண்டுகள். ஆறிலும் சிவப்பு அட்டை.

"அக்கா... தப்பா நினைச்சுக்காதீங்க. எட்டு மைக்ரான் கூட இருக்கு. நாலு தடவை அளந்துட்டேன்."

"இருக்காது. காலையிலேர்ந்து நான் ஒண்ணையும் மாத்தலையே! மெஷின்தான்..."

சொல்ல வந்தது வாயிலேயே நின்றது. இந்தக் குரலை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். ஆறு வருஷமாக, வாரத்துக்கு நாலு நாள், சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. அவள் கற்றுக்கொடுத்த அதே கையெழுத்துச் சாயல், அதே வார்த்தை.

கண்ணாடியை அவள் திட்டவில்லை. "நீ அளந்தது சரி. எழுதினதுதான் தப்பு. அதை நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்," என்றாள். அடுத்து வந்த தண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து காகிதத்தில் குறித்தாள். ஏழாவது எல்லைக்குள் வந்தது. இருபதாவதில் காலை அளவே திரும்பிவிட்டது. அவள் எதையும் தொடவில்லை. மெஷின் மட்டும் சூடேறியிருந்தது.

ஆறிப்போன மெஷின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்குகிறது என்று, மெஷினுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டைக் குறைத்தால், சூடேறியதும் தண்டு சிறுத்துப் போகும். பெரிதாக வந்தால் மறுபடி சீவலாம். சிறுத்துப் போனால் பழைய இரும்புக் கடைதான். கொழுந்தன் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆறு வருஷமாகத் தன்னந்தனியாகக் கயிற்றில் நடந்திருக்கிறான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் பரிசோதனை அறைக்குப் போய், அலமாரியிலிருந்து, தான் பயிற்சிக்குப் போவதற்கு முந்தின ஒரு மாதத்து அட்டை நகல்களை இறக்கினாள். கண்ணாடியும் சேர்ந்துகொண்டாள். மூன்றாம் நம்பர் மெஷினுக்கு மட்டும் தொண்ணூற்று நான்கு அட்டைகள். நேரத்தைப் பார்த்துப் பிரித்து மேஜையில் அடுக்கினார்கள். சாப்பாட்டுக்குப் பிந்திய அரை மணியில் அறுபத்தொன்று. திங்கட்கிழமை காலையில், விடுமுறைக்குப் பின் மெஷின் போட்டதும், பதினான்கு. அவளே ஒவ்வொரு அட்டையிலும் நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதியிருக்கிறாள். ஒரு நாளும் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

"மீதி பத்தொன்பது?" என்றாள் கண்ணாடி.

"அதை அவர்கிட்டயே கேட்கலாம்."

அன்று சாயங்காலம் வீட்டில், எல்லாரும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அவள் பேச்சை எடுத்தாள். சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, நீங்க சொன்னது சரி. மெஷின் ஆறினா அளவு நகருது. எழுபத்தஞ்சு அட்டை நான் எழுதினது தப்பு. கவனக்குறைவு உங்களுக்கில்லை, எனக்கு."

அவள் கணவன், அதுவரை இல்லாத வழக்கமாக, வாயைத் திறந்தான். "மொத்தம் எத்தனை?"

"தொண்ணூத்தி நாலு."

"அப்போ பாக்கி பத்தொன்பது?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அது என்னோடதுதான்," என்று அசடு வழிந்தான். "போனைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

"பத்தொன்பதுதானா?" என்றார் மாமியார். "நான் இன்னும் கூட எதிர்பார்த்தேன்."

கொழுந்தனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அண்ணிதான் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, வேறு குரலில் சொன்னான்: "சொல்லிட்டீங்க பாருங்க. அது போதும் எனக்கு."

சோதனை வெள்ளிக்கிழமை. நேரம் வேண்டுமென்றே வைத்தது போல, சாப்பாட்டு மணி முடிந்த கையோடு. ஐந்தாம் நம்பர் மெஷின், அவள் அதுவரை பார்க்காத ஒரு வரைபடம், ஒன்றரை மணி நேரம். முதல் மூன்று தண்டுகளும் அளவுக்குள் இருக்க வேண்டும். கூடத்தில் பாதிப்பேருக்கு அன்று ஐந்தாம் நம்பர் பக்கமாகவே ஏதாவது வேலை இருந்தது.

அவள் எண்ணெய் பார்த்தாள், காற்று பார்த்தாள். தொடக்க இடத்துக்கு அனுப்பினாள். பிறகு இரும்பைப் பிடிக்காமல், சக்கை வெறுமனே சுழலவிட்டு, டூலை முன்னும் பின்னும் போய்வரச் செய்துவிட்டு, பக்கத்தில் நின்று நிதானமாக வரைபடத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

சூப்பர்வைசர் ஐந்து நிமிஷம் பொறுத்தார். "என்னம்மா இது? வெறும் மெஷினை ஓட்டிக்கிட்டு? நேரம் ஓடுது!"

"ஓடட்டும் சார். மெஷினும் ஓடி முடிக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். அதுக்குள்ள ப்ரோக்ராமும் எழுதிடுவேன்."

எழுதினாள். எல்லாப் புள்ளிகளையும் விரலால் எண்ணினாள். டூலைத் தொட்டு அளவெடுத்தாள். வெறுமனே ஒரு ஓட்டம், வரி வரியாக ஒரு ஓட்டம், அப்புறம்தான் இரும்பைப் பிடித்து, இழுத்துப் பார்த்து, கதவை மூடினாள். கூலண்ட் பீய்ச்சியடித்தது. சுருள் சுருளாகச் சீவல் கழன்று விழுந்தது. சத்தத்தில் ஒரு நடுக்கம் இல்லை. முதல் தண்டை வெளியே எடுத்தபோது அவள் மைக்ரோமீட்டரைத் தேடவில்லை. நேராகக் கண்ணாடியிடம் நீட்டினாள்.

கண்ணாடி அளந்தாள். மூன்று இடத்தில், இரண்டு தடவை. "உள்ளே இருக்கு." இரண்டாவது, உள்ளே. மூன்றாவதும் உள்ளே. முதலுக்கும் மூன்றாவதுக்கும் இரண்டு மைக்ரான்தான் வித்தியாசம்.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. அவள் அந்த மிச்ச நேரத்தில்தான் அட்டைக் கட்டை அவர் மேஜையில் வைத்தாள். மேலே ஒரு காகிதத்தில் மூன்றே வரி: மொத்தம் எத்தனை, எந்த நேரத்தில் எத்தனை, என்ன செய்யலாம்.

"மூணாம் நம்பர்ல ஒரே மாசத்துல எழுபத்தஞ்சு தண்டு சார். அஞ்சு மெஷினுக்கும் நீங்களே யோசிச்சுக்கோங்க. இருபது நிமிஷம் முன்னாடி போட்டு வெறுமனே ஓட விட்டா எதுவும் திரும்பாது."

"கரண்ட்?"

"திரும்பி வர்றதை மறுபடி சீவவும் கரண்ட்தான் சார் வேணும்."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சூப்பர்வைசர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு தலையைத் தூக்கி, "இதை எழுதினது யாரு, எல்லாம் கவனக்குறைவுன்னு?" என்றார்.

"நான்தான் சார்."

"சரி," என்றார். "திங்கள்லேர்ந்து அஞ்சாம் நம்பர் உங்களுது. சாப்பாட்டு மணி முடியறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி யாராவது ஒருத்தர் வந்து எல்லா மெஷினையும் போடணும். முறை வச்சுக்கோங்க. முதல் வாரம் யாரு?"

"நான் போடுறேன்," என்றான் கொழுந்தன், எங்கிருந்தோ.

சிவப்பு அட்டையில் காரணம் என்ற கட்டத்தை அந்த மாதமே பெரிதாக்கி அச்சடித்தார்கள். கண்ணாடி இப்போது அட்டை கட்டும் முன் எழுந்து வந்து, மெஷின் எத்தனை மணிக்குப் போட்டது என்று ஆபரேட்டரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறாள்.

ஐந்தாம் நம்பர் மெஷினின் கதவுப் பிடியில் பழைய ஆபரேட்டர் சுற்றியிருந்த டேப் பிசுபிசுத்துப் போயிருந்தது. திங்கட்கிழமை காலை அவள் அதைப் பிய்த்து எறிந்தாள், பிடியைத் துணியால் துடைத்தாள், மெஷினை இருபது நிமிஷம் வெறுமனே ஓடவிட்டாள், பிறகு கதவைத் திறந்து முதல் இரும்பைத் தாடைகளுக்கு நடுவில் வைத்துப் பெடலை மிதித்தாள். பிடித்ததா என்று இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.